ஓடைத் தண்ணீரும் பதினோரு வீடுகளும்

பிளீச்சிங் பவுடரின் வாடை எனக்கு இன்றைக்கும் ஆகாது. ஆஸ்பத்திரி வராந்தாவையோ கல்யாண மண்டபத்துக் கழிவறையையோ கழுவுகிறவர்கள் அதைத் தூவிக்கொண்டு வந்தால், நான் மூக்கை மூடிக்கொண்டு வெளியே போய்விடுவேன். கூட இருப்பவர்கள் இவளுக்கு எப்போதுமே ஒரு பிகு என்று நினைத்துக்கொள்வார்கள், நினைத்துக்கொள்ளட்டும். நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷத்தில் அந்த வாடை எங்கள் ஊர்ப் பொதுக் கிணற்றிலிருந்து கிளம்பி, குழம்பிலும் கஞ்சியிலும், துவைத்துக் காயப்போட்ட பாவாடையிலும், தலைக்கு ஊற்றிக்கொண்ட கூந்தலிலும் ஏறி உட்கார்ந்துகொண்டு, பொங்கல் வந்து போன பிறகும் இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. நாங்கள் அதற்கு வைத்திருந்த பெயர் ‘வெள்ளை மருந்து’.

செவ்வாப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி வரப்பு வழியாக நடந்தால் அரை மணி நேரத்தில் எங்கள் ஊர் வந்துவிடும். ஊர்ப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்த ஒரு வருஷத்தில் அந்தப் பெயர் பட்ட பாடே அதற்குப் போதும். அறுபதுகளின் நடுவில், கடல் தாண்டி எங்கேயோ ஒரு தீவில் கிளம்பிய காலரா நாடு நாடாக ஊர்ந்து வந்து நம் பக்கமும் எட்டிப் பார்த்தது என்பதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அப்போது எங்களுக்கு அது ‘வாந்திபேதி’. அந்தப் பெயரையும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் சொன்ன வீட்டை அது அடையாளம் வைத்துக்கொள்ளும் என்று பெரியவர்கள் அடக்குவார்கள். அதனால் “மேலத் தெருவுல அது வந்துகீது” என்பதுதான் பேச்சு. ‘அது’ என்றால் போதும், சின்னப் பிள்ளைகள்கூட விளையாட்டை நிறுத்திவிடுவோம்.

ஐப்பசி மழை விட்டுக் கார்த்திகையும் கழிந்து, நெல் கதிர் வாங்கி நின்ற நேரத்தில் அது வந்தது. முதல் வாரத்தில் மேலத் தெருவில் இரண்டு சாவு. மறுநாளே ஜீப்பில் வந்து இறங்கிய சுகாதார இன்ஸ்பெக்டர் கிணற்றில் வெள்ளை மருந்தைக் கரைத்து ஊற்றி, இதைத் தவிர வேறு தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சொல்லி, ஊசி போட ஏற்பாடு செய்து, நோய் கண்ட வீட்டுச் சுவரில் சுண்ணாம்பால் குறி போட்டுவிட்டுப் போனார். அந்தக் குறி வீட்டுக்குத்தான் போட்டது. ஆனால் வெளியில் இருக்கிறவர்கள் அதை ஊருக்கே போட்டதாக எடுத்துக்கொண்டார்கள். தபால்காரர் ஊருக்குள் வருவதை நிறுத்திவிட்டு, கடிதங்களை எல்லைப் புளியமரத்தடிக் கல்லில் வைத்து மேலே ஒரு ஓட்டுத் துண்டைப் பாரமாக வைத்துவிட்டுப் போனார். பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. வருஷா வருஷம் அறுப்புக்கு வரும் வெளியூர் ஆட்கள் வராததால், முற்றிய நெல் வயலிலேயே கொட்டியது. அதைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நின்ற பெரிய மனிதர்கள் குழந்தைகள் மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் அப்பாவை ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவோம். என் நைனா ஆவடிப் பக்கம் ஒரு கம்பெனிக் கொட்டகை கட்டுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு நாள் போன ரயிலிலேயே திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “எந்த ஊருன்னு கேட்டாரு மேஸ்திரி. சொன்னேன். நான் சொல்லி அனுப்புறப்போ வந்தா போதும்னுட்டாரு” என்றார். அதற்குப் பிறகு அவர் மாட்டுக்குப் புல் அறுப்பதும், அறுத்த புல்லையே திரும்பத் திரும்ப உதறிக் கட்டுவதுமாக வீட்டில் இருந்தார். வேலை இல்லாத ஆண்பிள்ளை வீட்டில் இருந்தால் வீடு சிறுத்துவிடுகிறது. யார் எங்கே உட்காருவது என்பதே எங்களுக்குச் சிக்கலாகிவிட்டது.

மிச்சம் இருந்தது அம்மாவின் தயிர்.

முனியம்மா என்கிற என் அம்மா திருவள்ளூரில் கோயில் பக்கத்துத் தெரு ஒன்றில் பதினோரு வீடுகளுக்குத் தயிரும் மோரும் ஊற்றிவந்தாள். இந்த ‘வாடிக்கை வீடு’ என்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அது நிலபுலம் மாதிரி. மாமியார் தலைச்சுமை தூக்க முடியாமல் போகும்போது, மருமகளை அழைத்துக்கொண்டு தெருவில் வீடு வீடாகப் போய், “இனிமே இவதாம்மா ஊத்துவா” என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வருவாள். அம்மாவுக்கு அப்படி வந்ததுதான் அந்தப் பதினோரு வீடும். ஒருத்தியின் வீட்டில் இன்னொருத்தி ஊற்றமாட்டாள். ஆனால் யாராவது பத்து நாள் தொடர்ந்து போகாவிட்டால் அந்த வீடு பொதுவாகிவிடும், வேறு ஊர்க்காரி நுழைந்துகொள்ளலாம். அதனால்தான் பிள்ளை பெற்றவள்கூட ஒன்பதாம் நாள் யாரையாவது தன் பானையோடு அனுப்பிவைப்பாள்.

பக்கத்து வீட்டுச் சரோஜாவை நான் சித்தி என்று கூப்பிடுவேன், ரத்த உறவு ஒன்றும் கிடையாது. அடுத்த தெருவில் அவளுக்கு ஏழு வீடுகள். இருவரும் தினமும் ஒன்றாகச் செவ்வாப்பேட்டை வரை நடந்து காலை ரயிலைப் பிடிப்பார்கள். சித்திக்குச் சிரிப்பு அதிகம். வழியில் யாரைப் பார்த்தாலும் அவர்களைப் போலவே நடந்து காட்டுவாள். அம்மா தலையில் பானையோடு சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் “சும்மா வாடி, பான உழுந்துடும்” என்று திட்டிக்கொண்டே போவாள். சித்தியின் கணவர் தணிகாசலம் சித்தப்பா செங்கல் சூளையில் வேலை செய்தார். அவர்களுக்கு ஒரே பையன் மூர்த்தி, ஆறு வயது. எந்நேரமும் எங்கள் வீட்டிலேயே கிடப்பான்.

ஊசி போட்ட சீட்டைக் காட்டினால்தான் ரயிலேற விடுகிறார்கள் என்றதும் அம்மாவும் சித்தியும் முதல் ஆளாகப் போய்ப் போட்டுக்கொண்டார்கள். கை வீங்கிக் காய்ச்சல் வந்தபோதும் மறுநாள் பானையைத் தூக்கினார்கள். திருவள்ளூரில், “உங்க ஊர்ல வந்திருக்காமே?” என்று கேட்ட வீட்டிலெல்லாம் அம்மா, “அது மேல ஊருங்கம்மா, எங்க ஊரு இல்ல” என்று கூசாமல் சொன்னாள். மேலத் தெருவை மேல ஊராக்கியது சித்தியின் யோசனை. அதுவரைக்கும் வீடுகள் கையில்தான் இருந்தன.

வெள்ளை மருந்துதான் காலை வாரிவிட்டது. கிணற்றுத் தண்ணீரில் அலம்பிய பானையில் உறை ஊற்றினால் தயிரில் அந்த வாடை. மோர் கடையத் தண்ணீர் சேர்த்தால் கேட்கவே வேண்டாம். முதல் நாள் நான்காவது வீட்டு அம்மாள் மோரை வாயில் வைத்துவிட்டு, “ஏண்டி, இது மோரா மருந்தா?” என்று கீழே துப்பினாளாம். அடுத்த நாள் மூன்று வீடுகள் “நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றன. தண்ணீரைக் காய்ச்சிப் பார்த்தால் வாடை குறையும்தான். ஆனால் அத்தனை பானைக்கும் காய்ச்ச விறகுக்கு எங்கே போவது? மழைக்காலத்துச் சுள்ளி கஞ்சிக்கே புகைந்து புகைந்துதான் எரிந்தது. அம்மா பானைகளை வெயிலில் கவிழ்த்துப் பார்த்தாள், வேப்பிலை போட்டுத் தேய்த்துப் பார்த்தாள், வைக்கோல் புகை காட்டிப் பார்த்தாள். தை அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது. நேர்த்திக்கடனாகக் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்க வெளியூர்க் கூட்டம் வருகிற நாள். கோயில் தெரு வீடுகளுக்கெல்லாம் அன்றைக்கு விருந்தாள் வரும், இரட்டைப் பங்கு தயிர் போகும். அந்த நாளில் வீட்டைக் கோட்டைவிட்டவள் பிறகு பிடிக்கவே முடியாது என்று அம்மா நைனாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

இனிமேல் வருவதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன்.

விடிகாலையில் கிணற்றடியில் ஏகப்பட்ட கூட்டம். இன்ஸ்பெக்டர் வைத்த ஆள் ஒருவர் வரிசையில் விட்டு, குடத்துக்கு இவ்வளவு என்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். காத்திருந்து கால் கடுத்துப்போன ஒரு நாள், நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிழக்கே ஓடிய ஓடையில் இறங்கி மொண்டு வந்துவிட்டேன். மழைக்குப் பிறகு ஓடுகிற தண்ணீர், மணல் தெரிகிற தெளிவு, ஒரு வாடையும் இல்லை. அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு மோர் கடைந்து, வழக்கம்போல் உள்ளங்கையில் ஊற்றி ருசி பார்த்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“எங்கடி எடுத்தாந்த?”

“ஓடைல.”

அம்மா மத்தைக் கீழே வைத்தாள். அடிக்கப்போகிறாள் என்று நான் ஓரமாக நகர்ந்தேன்.

“யாராச்சும் பாத்தாங்களா?”

“இல்லம்மா.”

“நாளைக்கும் அங்கயே எடுத்தாந்துடு. பான கழுவ, மோருக்கு, அவ்ளோதான். குடிக்கிறதுக்குக் கெணத்துத் தண்ணிதான், தெரியுதா?”

இதுதான் நாங்கள் செய்த காரியம். வாய்க்குள் போகிற தண்ணீர் வேறு, பானைக்குள் போகிற தண்ணீர் வேறு என்று அம்மா மனதாரப் பிரித்து வைத்திருந்தாள். இன்ஸ்பெக்டர் குடிக்கிற தண்ணீரைப் பற்றித்தானே சொன்னார்? ஓடைத் தண்ணீரைக் குடிக்கவிடாமல் எங்களைக் காபந்து செய்த அம்மாவுக்கு, அந்த மோரும் யாரோ ஒருவர் வாய்க்குள்தான் போகிறது என்பது ஏனோ கணக்கில் வரவில்லை. மோர் என்றால் அவளுக்குத் தண்ணீர் கிடையாது, பால். அன்றைக்கு எல்லா வீட்டிலும் மோர் போயிற்று. சித்திக்கும் விஷயம் சொல்லப்பட்டது. அதற்குப் பிறகு தினமும் நான் இரண்டு நடை ஓடைக்குப் போய், ஒரு குடம் எங்கள் வீட்டுத் தொட்டியிலும் ஒரு குடம் சித்தி வீட்டிலும் ஊற்றினேன். சித்தி என் கன்னத்தைக் கிள்ளி, “எங்க ஏழு ஊட்டையும் நீதான்டி காப்பாத்துன” என்பாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பத்து வயதில் ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிறோம் என்ற நினைப்பு வந்தால் நடையே மாறிவிடும், என் நடையும் மாறியிருந்தது.

பள்ளிக்கூடத்துக்கு வந்த இன்ஸ்பெக்டர், “யாராவது கிணத்தைத் தவிர வேற தண்ணி எடுக்கறீங்களா?” என்று கேட்டபோது எல்லோரோடும் சேர்ந்து நானும் “இல்லை சார்” என்று கத்தினேன்.

அமாவாசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது சித்தி ரயிலுக்கு வரவில்லை. வயிற்று வலி என்றாள். சித்தப்பா சூளைக்குப் போகாமல் கதவை ஒருக்களித்து வைத்திருந்தார். உண்மையில் விடியும்போதே அது தொடங்கிவிட்டிருக்கிறது. சித்திதான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “யார்கிட்டயும் சொல்லாதய்யா, சுண்ணாம்பு அடிச்சிடுவாங்க, ஊடெல்லாம் போயிடும்” என்று கெஞ்சியிருக்கிறாள். அவள் சொன்ன ஊடு அந்த ஏழு வாடிக்கை வீடுகள். அவர் கேட்டுக்கொண்டார். பிற்பகலில் கண் உள்ளே போய், கை விரல்கள் வெகுநேரம் துணி துவைத்தவளுடையவை போலச் சுருங்கிப்போன பிறகுதான் மாட்டு வண்டியைக் கட்டினார்கள். வண்டியின் பின்னால் மூர்த்தி அழுதுகொண்டே ஓடியதும், அம்மா அவனைப் பிடித்து இடுப்பில் தூக்கிக்கொண்டதும் கண்ணுக்குள் இருக்கின்றன.

மறுநாள் காலை தண்டோரா வந்தது. இன்ஸ்பெக்டர் ஓடையோரமாக நடந்து பார்த்ததில், தண்ணீர் வருகிற மேல்பக்கத்தில் நோய் கண்ட வீடுகளின் துணிகளை அலசியிருப்பது தெரிந்துவிட்டதாம்; ஓடைத் தண்ணீரை ஒருவரும் தொடக் கூடாது, தொட்டால் அபராதம் என்று பறையடித்துச் சொல்லிக்கொண்டு போனார்கள். அம்மா அப்போது மோர் கடைந்துகொண்டிருந்தாள். பறைச் சத்தம் தெரு முனை திரும்பிய பிறகும் மத்துக் கயிறு அவள் கையில் அப்படியே இருந்தது. பிறகு எழுந்து பானைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கக் குழியில் கவிழ்த்தாள். உறைக்கு வைத்திருந்த தயிரையும் கொட்டினாள். உறை இல்லாமல் தயிர்க்காரியின் வீடு கிடையாது என்பதால், அதைப் பார்த்த நைனா பதறிப்போய் எழுந்து நின்றுவிட்டார்.

“இன்னா பண்ற நீ?”

“நாளைக்குப் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்.”

“யார்கிட்ட?”

“ஊத்துற ஊடுங்க கிட்ட.”

நைனா குரலைத் தாழ்த்தினார். “பைத்தியமா உனக்கு? சொல்லாம இர்ந்தா எவனுக்குத் தெரியப்போவுது? ஒடம்பு சரியில்லன்னு நாலு நாளு ஊட்ல குந்திக்கினு இரு. அப்புறம் எப்பவும்போல போய் ஊத்து.”

“மூணாவது ஊட்ல கைக்கொழந்த கீது.”

“அதுக்கு?”

“அதுக்கும் என் மோருதான் ஊத்துறாங்க. நானே பாத்துக்கீறேன்.”

நைனா புல்லுக்கட்டை அவிழ்த்து மறுபடியும் உதற ஆரம்பித்தார். அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வேலைக்கு வராதே என்று திருப்பி அனுப்பப்பட்ட மனிதர், பெண்டாட்டியின் பிழைப்பாவது நிற்கட்டும் என்று நினைத்தார், அவ்வளவுதான்.

தை அமாவாசையன்று அம்மா தலையில் பானை இல்லாமல் ரயிலேறினாள். என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். மற்ற வருஷங்களில் அந்த ரயிலில் வெல்லக் கட்டியும் தாம்பாளமுமாக நெருக்கியடித்துக்கொண்டு வருவார்கள், அன்றைக்குப் பெட்டியில் உட்கார இடம் இருந்தது. வழக்கமாக ஒரு கையால் பானையைப் பிடித்தபடி வீசி நடக்கிற அம்மா, அந்தக் கைக்கு வேலை இல்லாததால் அதை என்ன செய்வதென்று தெரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் வீட்டில் அந்த அம்மாள் பாத்திரத்தோடு வந்துவிட்டாள். அம்மா நடையில் ஏறாமல் தெருவிலேயே நின்று சொன்னாள். “முந்தாநாளு வரைக்கும் ஊத்துன தயிரு மோரு எதுனா இர்ந்தா கொட்டிடுங்கம்மா. பானைய ஓடத் தண்ணில கழுவிட்டேன். மோருலயும் ஊத்திட்டேன். அந்தத் தண்ணி கெட்டுப் போச்சாம். யாருக்காச்சும் வயிறு சரியில்லன்னா ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போயிடுங்க. மேல ஊருன்னு சொன்னேனே, அது பொய்ம்மா. எங்க ஊருலதான் வந்துகீது.” இதையே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், பதினோரு வீட்டிலும் சொன்னாள். இரண்டாவது வீட்டில் பூணூலைத் திருகிக்கொண்டே வெளியே வந்த பெரியவர், அவள் முடிப்பதற்குள் கத்த ஆரம்பிக்க, எதிர் வீட்டுக்காரர்களும் வெளியே வந்துவிட்டார்கள். கூட்டம் கூடியதில் அம்மாவுக்குச் சௌகரியம்தான். மூன்று வீட்டுக்குச் சேர்த்துச் சொல்லிவிடலாம் இல்லையா? ஆனாலும் அவள் அடுத்த வாசலுக்குப் போய்த் தனியாகவும் சொன்னாள். ஒரு வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள், சாத்திய கதவிடமும் சொன்னாள்.

கைக்குழந்தை இருந்த மூன்றாவது வீட்டை அவள் கடைசிக்கு வைத்துக்கொண்டாள். அந்த இளம் தாய் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டு, “ஐயோ, முந்தாநேத்திக்குக்கூட ரெண்டு கரண்டி கொடுத்தேனே” என்று உள்ளே ஓடினாள். அவளுடைய மாமியார் நிலைப்படியில் நின்று அம்மாவையே பார்த்தார். கத்தவில்லை.

“ஏண்டி முனியம்மா, உன் மாமியார் காலத்துலேந்து வாங்கறோம். உனக்கு ஏண்டி இப்படிப் புத்தி போச்சு? யாரு போய் அந்தத் தண்ணிய எடுத்துண்டு வந்தா?”

“நான்தாம்மா.”

“நீயேவா?”

“நானேதாம்மா. எனக்குத்தான் புத்தி இல்ல.”

என் விரல்கள் அவள் கைக்குள் இருந்தன. நான் வாயைத் திறக்கப்போகிறேன் என்று தெரிந்ததோ என்னவோ, எலும்பு நோகிற மாதிரி அழுத்தினாள். நான் திறக்கவில்லை.

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். உள்ளே விடவில்லை. வெளியில் மரத்தடியில் தணிகாசலம் சித்தப்பா துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கைநரம்பில் தண்ணீர் ஏற்றுகிறார்கள், நேரம் கடந்து கொண்டுவந்துவிட்டோம் என்கிறார்கள் என்றார். அம்மா அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து, வீடுகளில் சொன்னதையே அவரிடமும் சொன்னாள். “தண்ணி எடுத்தாந்தது நான். சரோஜா ஊட்ல ஊத்துனதும் நான்தான். என்ன இன்னா வேணா பண்ணு.” அவர் அம்மாவைப் பார்த்தார். அதற்குப் பிறகு அம்மாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். சாயங்காலம் சித்தி போய்விட்டாள்.

கோயில் தெருவில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது உறுதியாகத் தெரிவதற்குப் பதினைந்து நாள் ஆயிற்று. அந்தப் பதினைந்து நாளும் அம்மா மாலை ரயில் வருகிற நேரத்துக்கு ஸ்டேஷனுக்கு நடந்து போய், திருவள்ளூரிலிருந்து இறங்குகிறவர்களை எல்லாம் நிறுத்தி, “கோயில் பக்கம் இன்னா சேதி?” என்று கேட்டுவிட்டு வந்தாள். பிற்காலத்தில் நான் ஒரு டாக்டரிடம் இதைப் பேச்சுவாக்கில் கேட்டபோது, புளித்த தயிரில் அந்தக் கிருமி அதிக நேரம் தாங்காது என்றும், அந்தக் காலத்து ஊசி எல்லோரையும் காக்காது என்றும், சித்திக்கு எதிலிருந்து தொற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

வீடுகள் போய்விட்டன. வேறு ஊர்க்காரி ஒருத்தி மாசி பிறப்பதற்குள் பதினொன்றையும் எடுத்துக்கொண்டாள். அம்மா எருமையை விற்றுவிட்டு நைனாவோடு கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனாள். எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் முந்திரித் தோப்புகளை வெட்டிக் கம்பெனிகள் கட்ட ஆரம்பித்தபோது நாங்கள் குடும்பத்தோடு அங்கே பெயர்ந்தோம். அம்மா சிமெண்ட் சட்டி தூக்கிய கம்பெனி ஒன்றிலேயே நான் பின்னாளில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தேன். ஊரை விட்டுப் போகும்வரை தணிகாசலம் சித்தப்பா எங்கள் வாசலை மிதிக்கவில்லை. எதிரில் பார்த்தால் வேறு வழியில் திரும்பிவிடுவார். எந்நேரமும் எங்கள் வீட்டில் கிடந்த மூர்த்தியையும் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டார். அம்மா அதற்கு மட்டும்தான் அழுதாள். “அவரு கோவம் ஞாயந்தான். நான் பண்ணது அப்படி” என்பாள். வயதான பிறகும், காரணமே இல்லாமல் சமையலுக்கு நடுவில், “தணிகாசலம் மனசு எறங்கவே இல்லடி” என்று சொல்லுவாள். நான் எடுத்து வந்த தண்ணீர் என்று அவள் என்னிடம்கூட ஒரு தடவையும் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. இருவரும் அந்தப் பேச்சைச் சுற்றி நடந்தே நாற்பது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டோம்.

இப்போது அந்த ஓடை இல்லை. அந்த இடத்தில் வரிசையாகக் கிடங்குகள், லாரிகள். கோயில் தெருவுக்கு விடியற்காலையில் பாக்கெட் தயிர் வந்து இறங்குகிறது. தலைச்சுமைத் தயிர்க்காரியை அந்தத் தெருப் பிள்ளைகள் பார்த்திருக்கவே முடியாது. வாடிக்கை வீடு என்ற சொல்லுக்கு யாருக்கும் பொருள் தெரியாது. போனவற்றுக்காக நான் பெருமூச்சு விடுகிறவள் இல்லை. அந்தச் சுமையைத் தூக்கியவளின் கழுத்து எப்படி வலித்தது என்று ராத்திரிகளில் எண்ணெய் தடவிவிட்ட எனக்குத் தெரியும்.

சில வருஷங்களுக்கு முன்னால் மறுபடியும் ஒரு கொள்ளைநோய் உலகத்தைச் சுற்றி வந்ததே, அப்போது மணவாள நகரில் நான் இருக்கும் தெருவுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஊசி போட்டார்கள். இடம் விட்டு இடம் விட்டு நாற்காலி. முகத்தில் துணி கட்டிய பெண் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, “மூர்த்தி, தகப்பனார் பேரு தணிகாசலம்” என்றாள். இரண்டு நாற்காலி தள்ளி ஒரு வழுக்கைத் தலை நிமிர்ந்தது. நான் போய், முகத்துணியை இறக்கி, என் பெயரைச் சொன்னேன். அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஏதோ கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டதாகவும், தன் நைனா போய் வெகு வருஷம் ஆகிவிட்டதாகவும் சொன்னான். அம்மாவை விசாரித்தான். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அத்தனை பேர் உட்கார்ந்திருந்த இடத்தில், நின்றபடியே சொல்லிவிட்டேன். “மூர்த்தி, அந்தத் தண்ணி எங்கம்மா எடுத்தாரல. நான்தான் எடுத்தாந்து உங்க ஊட்ல ஊத்துனேன்.”

“தெரியும்க்கா” என்றான்.

“யார் சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“எங்கம்மா வண்டில போவும்போதே நைனாகிட்ட சொல்லிச்சாம். தண்ணி அந்தப் பொண்ணு ஊத்துனதுதான், அது கொழந்த, அதுக்கு இன்னா தெரியும், நான் போய்ட்டாலும் அது பேரு உன் வாயில வரக்கூடாதுன்னு. எங்க நைனாவுக்கு ஒரு பேச்சு ஆரம்பிச்சா அடக்கத் தெரியாதுக்கா. எங்கனா பேசிடப்போறோம்னு பயந்துக்கினுதான் உங்க ஊட்டுப் பக்கமே வர்ல. என்னையும் அதுக்குத்தான் அத்த ஊட்ல உட்டாரு. நீங்க கோவம்னு நெனச்சிக்கினீங்களா?”

அந்தப் பெண் அவன் பெயரை இரண்டாம் தடவை கூப்பிட்டாள். அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டே உள்ளே போனான்.

அம்மா இறந்து அப்போது ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. தணிகாசலம் தன்னை மன்னிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேதான் அவள் போனாள்.